ஹோப்பிகளின் கோடும் வாசலில் வைத்த பையும்

1

இந்தக் கிழமையோடு எங்கள் ஊர்ச் சங்கம் இரண்டாக உடைந்து இரண்டு வருடம் முடிகிறது. பாரிஸில் எங்கள் ஆட்களின் கடைத்தெருவான லா சப்பலில் இதற்கெல்லாம் யாரும் கேக் வெட்டுவதில்லை. வெட்டுவதென்றால் இரண்டு கேக் வேண்டும், இரண்டு மண்டபம் வேண்டும், இரண்டையும் ஒரே நாளில் ஒரே நேரத்துக்கு வைக்க வேண்டும். யாருடைய கேக்குக்கு அதிகம் சனம் வந்தது என்று அடுத்த ஒரு வருடம் சண்டை பிடிக்க வேண்டும். ஊரில் இருந்து இதை வாசிக்கும் உங்களுக்கு எந்தச் சங்கம் என்று அறிய ஆசையாக இருக்கும். பெயரை எழுத மாட்டேன். எழுதினால் மற்றப் பாதி மறுப்பறிக்கை விடும். அந்த மறுப்பறிக்கையை அச்சடித்துக் கொடுப்பவனும் நானாகத்தான் இருப்பேன்.

என் வேலை அது. லா சப்பலில் ஓர் அச்சகத்தில் இருபது வருடத்துக்கு மேலாக இருக்கிறேன். கலியாணக் கார்ட், பெண் பிள்ளை பெரியவளான சாமத்தியவீட்டு அழைப்பிதழ், மரண அறிவித்தல், எல்லாம் என் கையால்தான் போகும். ஒரு சங்கம் உடைந்தால் எங்கள் கடைக்கு ஒரு புதுக் கடிதத் தலைப்பும் ஒரு புது ரப்பர் முத்திரையும் வேலை. இந்த நாட்டுச் சட்டப்படி இரண்டு பேர் சேர்ந்தால் ஒரு சங்கத்தைப் பதியலாம். அந்தச் சட்டத்தை எழுதிய பிரெஞ்சுக்காரன் எங்களைத் தூரத்தில் இருந்தாவது பார்த்திருக்க வேண்டும். மூன்று பேர் என்று போட்டிருந்தால் பாதிச் சங்கங்களைப் பதியவே முடியாமல் போயிருக்கும்.

ஆனால் இதை எழுத வைத்தது சங்கம் இல்லை, போன மாதம் என் கணினித் திரையில் கிடந்த ஒரு கலியாணக் கார்ட். மணமகள் துளசி. என்னுடைய ஒரே மகள். கார்ட்டில் எல்லாம் சரி. ஒரு வரி மட்டும் வெறுமையாகக் கிடந்தது. மணமகளின் தாய்மாமன் பெயர் வரவேண்டிய வரி.

2

அந்தத் தாய்மாமன் பெயர் சிவநேசன். என் மனைவி பவானியின் ஒரே அண்ணன். பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே வாங்கில் இருந்தவன். அவன் கட்டியிருப்பது என் ஒரே தங்கை இந்திராவை. அதாவது மாற்றுச் சம்பந்தம். ஒரே நாளில், ஒரே ஐயர், ஒரே மேளம். நான் அவன் தங்கைக்குத் தாலி கட்ட, அவன் என் தங்கைக்குக் கட்டினான். இப்படிக் கட்டினால் இரண்டு குடும்பமும் என்றைக்கும் பிரியாது என்று பெரியவர்கள் கணித்தார்கள். அவர்கள் பாவம், ஊர்ச் சங்கம் என்று ஒன்று வரப்போவதை அறியாதவர்கள்.

சங்கத்துக்கு அவன் தலைவர், நான் செயலாளர். ஆண்டு விழாவில் பிள்ளைகளின் நிகழ்ச்சிகளைப் பிரெஞ்சிலும் அறிவிக்க வேண்டும் என்றான் சிவநேசன்.

“பிள்ளையளுக்கு விளங்காட்டி ஆருக்கடா விழா நடத்துறாய்?” என்று கேட்டான்.

“தமிழிலை விளங்காட்டி வீட்டிலை இருக்கட்டும்” என்றேன் நான். சொல்லும்போது என் மகளே என்னோடு பாதி நேரம் பிரெஞ்சில்தான் கதைக்கிறாள் என்பது எனக்கு நினைவு இருந்தது. நினைவு இருந்தபடியால்தான் இன்னும் உரத்துச் சொன்னேன்.

அவன் எழும்பி மைக்கைத் தூக்கிக்கொண்டு போனான். நான் முத்திரையைத் தூக்கிக்கொண்டு வந்தேன். அன்று தொடக்கம் அவர்களிடம் சத்தம் இருந்தது, எங்களிடம் அதிகாரம் இருந்தது. இரண்டையும் வைத்து ஒருவரும் ஒன்றும் செய்யவில்லை. சங்கத்தை முறைப்படி பிரிக்கலாம் என்று அலுவலகத்துக்குப் போய், என் பிரெஞ்சில் “பிரிவு” என்று சொல்லி, மச்சானின் பெயரையும் மனைவியின் பெயரையும் சேர்த்து விளக்கினேன். அங்கே இருந்த பெண் மிகவும் இரக்கத்தோடு விவாகரத்துக்கு எங்கே போக வேண்டும் என்று எழுதித் தந்தாள். அப்போது சிரித்துவிட்டு வந்தேன்.

பவானி அண்ணனோடு கதைப்பதை நான் தடுக்கவில்லை. அப்படியெல்லாம் செய்கிற ஆள் இல்லை நான். அவள் தொலைபேசியை எடுத்தால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருப்பேன், அவ்வளவுதான். ஆறு மாதத்தில் அவள் எடுப்பதை நிறுத்திவிட்டாள். அவர்கள் இருக்கும் திரான்சியில் என் தங்கைக்கும் இதே சுதந்திரம் கிடைத்ததாகப் பிறகு அறிந்தேன். எங்கள் வீடு இருக்கும் மார்க்ஸ் டோர்மோயில் இருந்து திரான்சி எத்தனை தூரம்? ரயில் ஏறினால் ஒரு தேத்தண்ணீர் ஆற முதல் போய்விடலாம். இரண்டு வருடமாக ஒருவரும் போகவில்லை.

இந்த நிலையில்தான் துளசி கலியாணத்துக்குச் சம்மதித்தாள். மாப்பிள்ளை மத்தியூ, வெள்ளைப் பெடியன், இடியப்பத்தைக் கையால் தின்பான். அதிலெல்லாம் எனக்குப் பிரச்சினை இல்லை. அவள் ஒரு நிபந்தனை போட்டாள்.

“என்னை மணவறைக்குக் கூட்டிக்கொண்டு வாறது மாமா. மாமா வராட்டி மணவறை வேண்டாம் அப்பா. மெரியிலை கையெழுத்து வைச்சிட்டுப் போறம்.”

மெரி என்றால் நகரசபை. மேயர் நெஞ்சுக்குக் குறுக்கே மூன்று நிறப் பட்டி கட்டிக்கொண்டு வாசிப்பார், பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். மேளம் இல்லை, அறுகரிசி இல்லை.  பவானி குசினிக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றாள்.

3

துளசி மானிடவியல் படிக்கிறாள். எங்கள் ஆட்களின் பிள்ளைகள் கணக்கியல் படிப்பார்கள், கணினி படிப்பார்கள். என் மகள் அமெரிக்காவில் அரிசோனாவில் இருக்கும் ஹோப்பி என்ற ஆதிக்குடிகளைப் பற்றிப் படிக்கிறாள். “அதைப் படிச்சால் என்ன வேலை எடுக்கலாம்?” என்று லா சப்பலில் என்னைக் கேட்காத ஆள் இல்லை. நானும் அவளை அதைத்தான் கேட்டேன்.

சின்னப் பிள்ளையாக இருந்தபோது தொடங்கிய பைத்தியம் அது. பாரிஸில் ஏல மண்டபங்களில் ஹோப்பிகளின் புனிதமான சடங்கு முகங்களை ஏலம் விட்டார்கள். அதை முகமூடி என்று சொல்வதே அவர்களுக்குப் பிடிக்காது, அவை அவர்களின் நண்பர்கள், உயிருள்ளவை. விற்காதீர்கள், எங்களுடையவை என்று ஹோப்பிகள் கேட்டார்கள். நீதிமன்றம் தடுக்கவில்லை. தொலைக்காட்சியில் அதைப் பார்த்துத் துளசி அழுதாள். எனக்கு வேறு விதமாக ஆச்சரியமாக இருந்தது. அந்த முகங்கள் எந்த வழியால் வந்தன, யார் கூட்டிவந்தது என்று ஒருவரும் அவற்றை இருத்தி வைத்து விசாரிக்கவில்லை. வந்து நின்றன, இருக்க விட்டார்கள். எனக்கு விசா கிடைக்க எத்தனை வருடம், எத்தனை மொழிபெயர்ப்பாளர், எத்தனை தரம் “உங்கள் கதையில் முரண்பாடு இருக்கிறது” என்று எனக்குச் சொன்னார்கள். என்னையும் மரத்தாலும் தோலாலும் செய்திருந்தால் வேளைக்கே அலுவல் முடிந்திருக்கும்.

போன வருடம் அவள் அங்கே போய் மூன்று மாதம் இருந்துவிட்டு வந்தாள். ஒரு படம்கூடக் கொண்டுவரவில்லை. அந்த ஊர்களில் படம் எடுக்கக் கூடாதாம். எங்கள் ஆட்களுக்கு அது விளங்கவே இல்லை. எங்களில் சாமத்தியவீட்டுக்கு ட்ரோன் பறக்கிறது. படம் இல்லாத பயணம் நடந்ததா என்றே சிலருக்குச் சந்தேகம்.

வந்தவள் எழுதத் தொடங்கினாள். சாப்பாட்டு மேசை முழுக்க ஹோப்பிகள். மழையே இல்லாத மேட்டு நிலத்தில் சோளத்தை ஆழமாக ஊன்றி விளைவிப்பார்களாம். பிள்ளை தாயின் குலத்தைச் சேருமாம். பிறந்த பிள்ளையை இருபது நாள் வெயில் படாமல் உள்ளே வைத்து, இருபதாம் நாள் விடியத் தகப்பனின் சகோதரிகள் வந்து தலை கழுவிப் பெயர் வைப்பார்களாம். இங்கே ஐந்து நாளுக்குள் பெயரைப் பதியாவிட்டால் நீதிமன்றம் வரை போக வேண்டும். பிள்ளைகளைக் கண்டிப்பது தகப்பன் இல்லை, தாய்மாமன். கலியாணத்தில் பெண்ணுக்கு உடுக்க வெள்ளைத் துணி நெய்வது மாப்பிள்ளை வீட்டு ஆண்கள். எங்கள் ஆண்கள் கூறைச்சேலை எடுக்கப் போனால் கடைக்கு வெளியே நின்று சிகரெட் பிடிப்பார்கள். சேலைக்கு அவர்கள் செய்யும் பங்களிப்பு அதுதான்.

பவானி வெங்காயம் உரித்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்பாள். நான் கேட்பதில்லை. ஒரு நாள் மட்டும் காதைக் கொடுத்தேன்.

4

ஒராய்பி என்பது ஹோப்பிகளின் பழைய ஊர். நூறு வருடத்துக்கு முன் அரசாங்கம் வந்து பிள்ளைகளைத் தா, எங்கள் பள்ளிக்கூடத்தில் விடு என்றது. அங்கே தலைமயிரை வெட்டுவார்கள், வீட்டு மொழி கதைத்தால் அடி. தர மறுத்த ஆண்களைக் கடலுக்கு நடுவே ஒரு தீவுச் சிறையில் போட்டார்கள். ஊர் இரண்டானது. அரசாங்கத்தோடு ஒத்துப் போவோம் என்று ஒரு பகுதி, முடியாது என்று ஒரு பகுதி. கடைசியில் ஒரு நாள் நிலத்தில் கோடு கீறினார்கள். துவக்கு இல்லை, கத்தி இல்லை. இரண்டு பகுதியும் ஒருவரை ஒருவர் தள்ளுவது. கோட்டுக்கு அப்பால் தள்ளப்பட்ட பகுதி ஊரை விட்டுப் போக வேண்டும். தள்ளினார்கள். தோற்ற பகுதி அன்று பொழுதுபட முதல் மூட்டையைக் கட்டிக்கொண்டு போய் வேறு ஊர் கட்டியது.

எனக்கு உடம்பு புல்லரித்தது. இதுவல்லவா பிரிவு! எங்களில் பிரிந்தவர்கள் எல்லாரும் அதே தெருவில், அதே கடையில், முதுகைக் காட்டிக்கொண்டு தேத்தண்ணீர் குடிக்கிறோம். அடுத்த கூட்டத்தில் பதினொரு பேருக்கு முன்னால் முழங்கினேன். “ஹோப்பியளைப் பாருங்கோ. அவங்கள் மனுசர். கோடு கீறித் தள்ளினாங்கள், தோத்தவன் போனான். நாங்களும் அப்பிடிப் பிரிவம்.” கைதட்டல் வந்தது. வீட்டுக்கு வந்தும் அதையே சொன்னேன். ஒரு கிழமை சொன்னேன்.

துளசி எரிச்சல்பட்டாள். கோபம் வந்தால் அவளுக்குத் தமிழ் வராது, பிரெஞ்சில் பொரிந்தாள். கோடு கீறிய பக்கத்தோடு வாசிப்பை நிறுத்திவிட்டீர்கள் அப்பா என்றாள். போனவர்கள் அந்தக் குளிர்காலத்தை எப்படிக் கழித்தார்கள் என்பது அடுத்த பக்கத்தில் இருக்கிறது. அரசாங்கம் பின்னால் வந்து அவர்களின் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு போனது. அண்ணன் கோட்டுக்கு இந்தப் பக்கம், தங்கை அந்தப் பக்கம் என்று எத்தனை வீடு. அவர்கள் தங்கள் பிள்ளைகளுக்காகத் தள்ளினார்கள், நீங்கள் ஒரு மைக்குக்காகத் தள்ளுகிறீர்கள்.

நான் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்தேன்.

பவானி கத்தியை வைத்துவிட்டுக் கேட்டாள். “பிள்ளை, அந்தச் சனத்திலை வீடு ஆற்றை?”

“பொம்பிளையின்ரை அம்மாவின்ரை வீடு. கலியாணம் முடிச்சால் ஆம்பிளைதான் அங்கை வந்து இருக்கிறது.”

“எங்கடை சீதன வீடு மாதிரி. சரிவராட்டி?”

“பொம்பிளை அவர்ரை சாமானை வாசலுக்கு வெளியிலை வைச்சிடுவா. அவ்வளவுதான். அவர் தன்ரை அம்மா வீட்டை, இல்லாட்டிச் சகோதரி வீட்டை போவார்.”

“ம்” என்றாள் பவானி. “நல்ல சனம்தான்.”

அந்த “ம்” எனக்கு உறைத்திருக்க வேண்டும். நான் விளையாட்டுச் செய்தி வாசித்துக்கொண்டிருந்தேன்.

5

சனிக்கிழமை மத்தியானம் வேலை முடிந்து நாலு மாடி ஏறி வந்தால் வாசலில் பெரிய பை. இழுத்துப் பூட்டி, பிடியில் என் தொப்பியைக் கொழுவி வைத்திருந்தது. திறப்பைப் போட்டேன். உள்ளே கொண்டி போட்டிருந்தது.

“பவானி, இதென்ன?”

“உங்கடை சாமான்” என்றது கதவு.

“என்ன விளையாட்டு?”

“விளையாட்டு இல்லை. ஹோப்பியள் செய்யிறமாதிரிச் செய்திருக்கு. நீங்கள்தானே அவங்கள் மனுசர் எண்டு சொன்னனீங்கள்.”

“இப்ப நான் எங்கை போறது?”

“அதுவும் புத்தகத்திலை கிடக்கு. சகோதரி வீட்டை போங்கோ.”

துளசி உள்ளே இருந்து சிரித்த மாதிரிக் கேட்டது. இருமலாகவும் இருக்கலாம். பக்கத்து வீட்டு மாலி நாட்டுக்காரர் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, ஆண்களுக்கு ஆண்கள் காட்டும் மரியாதையோடு கதவை மெதுவாகச் சாத்தினார்.

பையைத் தூக்கினேன். தோள்மூட்டு கழன்ற மாதிரி இருந்தது. அவ்வளவு பாரம். குளிர் உடுப்பு முழுவதையும் அடைத்திருக்கிறாள், மனுசி நீண்ட காலத்துக்குத்தான் யோசித்திருக்கிறாள் என்று நினைத்தேன். முதல் தடவையாகப் பயம் வந்தது. முப்பது வருடம் இந்த நாட்டில் இருக்கிறேன். போவதற்கு இருக்கும் ஒரே வீடு தங்கை வீடு. தங்கை வீட்டில் சிவநேசன் இருக்கிறான்.

6

ரயில் எடுக்க கார் து நோர் நிலையத்துக்குப் போக வேண்டும். அதற்கு லா சப்பல் தெருவால்தான் நடக்க வேண்டும். சனிக்கிழமை மத்தியானம், மரக்கறிக்கடை வாசலில் முருங்கைக்காய் பொறுக்கும் சனம், நகைக்கடை வாசலில் குடும்பங்கள், எல்லாரும் என்னைத் தெரிந்தவர்கள். “என்ன அண்ணை, ஊருக்கோ?” என்று நாலு பேர் கேட்டார்கள். ஓம் ஓம் என்றேன்.

சமிக்ஞை விளக்கில் பச்சை வந்தது. பாதசாரிக் கோட்டில் இறங்கினேன். எதிர்ப்பக்கத்தில் இருந்து சிவநேசன் இறங்கினான். கையில் சூட்கேஸ். அதிலிருந்து ஒரு குழாய் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. குடை என்று நினைத்தேன்.

நடுத்தெருவில் நின்றோம்.

“எங்கை போறாய்?” என்றான். இரண்டு வருடத்துக்குப் பிறகு முதல் வார்த்தை.

“தங்கச்சி வீட்டை.”

அவன் என் பையைப் பார்த்தான். நான் அவன் சூட்கேஸைப் பார்த்தேன்.

“நானும் என்ரை தங்கச்சி வீட்டைதான்” என்றான்.

பிறகு அறிந்தது இது. துளசி கிழமைக்கு ஒருதரம் திரான்சிக்குப் போய் வந்திருக்கிறாள். நூலகம் என்று எனக்குச் சொன்னது அதுதான். ஒரே அத்தியாயத்தை இரண்டு வீட்டிலும் வாசித்துக் காட்டியிருக்கிறாள்.

“உந்தத் தள்ளுற கதை நீ கூட்டத்திலை சொன்னதாம்” என்றான் சிவநேசன். “வா, தள்ளிப் பாப்பம். கோடு கீறியே கிடக்கு.”

அவனுக்கு வெட்கத்தில் கோபம். எனக்கும் அப்படித்தான். பையை வைத்துவிட்டு அவன் தோளில் கை வைத்தேன். அவன் என் தோளில் வைத்தான். அறுபதை எட்டிப் பிடிக்கும் இரண்டு பேர், ஒருவனுக்கு முழங்கால் தேய்வு, மற்றவனுக்கு நாரிப்பிடிப்பு. இந்தப் பக்கத் தேத்தண்ணீர்க்கடையில் அவனுடைய ஆட்கள், அந்தப் பக்கக் கடையில் என்னுடைய ஆட்கள், எல்லாரும் கிளாசோடு வெளியே வந்துவிட்டார்கள். விளக்கு மாறி ஒரு பஸ் ஹோர்ன் அடித்தது.

ஒருவனைத் தள்ளுவதென்றால் அவனைத் தொட வேண்டும். அதை நான் கூட்டத்தில் சொன்னபோது யோசிக்கவில்லை. கை வைத்த இடத்தில் எலும்பு. குளிர்ச்சட்டைக்குள் ஆள் பாதிதான் இருந்தான். எனக்குத் தெரிந்த சிவநேசனின் தோள் இது இல்லை.

“என்னடா, மெலிஞ்சு போனாய்?”

“சீனி வருத்தம். ஊசி போடுறன்.”

“எப்ப தொடக்கம்?”

“போன வருசம்.”

ஒரு வருடமாக அவனுக்கு ஊசி. என் வீட்டில் ஒருத்திக்கு அது தெரியாது. அவள் அவனுடைய சொந்தத் தங்கை.  நான் அழவில்லை, ஆனால் தள்ளவும் முடியவில்லை. அந்த நேரம் பின்னால் வந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவி தன் தள்ளுவண்டியால் எங்கள் இரண்டு பேரையும் சேர்த்து ஒரு இடி இடித்தாள். “பார்தோன், மெசியூ” என்றாள். இரண்டு பேரும் ஒரே பக்கத்து நடைபாதையில் போய் ஏறினோம். அது என் வீட்டுப் பக்கம்.

7

பவானி கதவைத் திறந்தாள். உள்ளே என் தங்கை இந்திரா ஏற்கெனவே வந்து, காலை நீட்டிக்கொண்டு இருந்தாள். புருசனை வெளியே விட்டுவிட்டு அவனுக்கு முந்திய ரயிலில் வந்திருக்கிறாள். துளசி மேசையில் ஆறு தட்டு வைத்திருந்தாள். ஆறாவது மத்தியூவுக்கு.

பவானி என்னைப் பார்க்கவில்லை. அண்ணனைப் பார்த்தாள். அவன் கன்னத்தைப் பார்த்தாள், கழுத்தைப் பார்த்தாள். “அண்ணை” என்றாள்.  அவன் வாசலில் சூட்கேஸைப் போட்டுவிட்டு அவளுடைய தலையில் கை வைத்துக்கொண்டு நின்றான். நான் மாடிப்படியின் மின்விளக்கைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இரண்டு வருடமாக நான் நடத்திய சங்கத்தின் வேலை இதுதான்.

பிறகு சத்தம் வந்தது, தேத்தண்ணீர் வந்தது, திட்டும் வந்தது. எல்லாம் ஓய்ந்ததும் சட்டை மாற்றலாம் என்று வாசலில் கிடந்த பையைத் திறந்தேன்.

மேலே சங்கத்தின் முத்திரை. கீழே அங்கத்தவர் பதிவேடு, கூட்டக் குறிப்புகள், “தாய்ச் சங்கம்” என்று நானே அச்சடித்த கடிதத் தலைப்பு ஐந்நூறு தாள், சிவநேசனைக் கண்டித்து எழுதி அனுப்பாமல் விட்ட மூன்று அறிக்கை. துழாவிப் பார்த்தேன். ஒரு சட்டை இல்லை. ஒரு சொக்ஸ் இல்லை. சிவநேசன் தன்னுடையதைத் திறந்தான். குழாய், மைக் தாங்கி. மைக், வயர், பிரெஞ்சில் எழுதிய வரவேற்புரை. அவனுக்கும் உடுப்பு இல்லை.

“என்ரை உடுப்பு எங்கை?” என்று கேட்டேன்.

“அலுமாரிக்குள்ளை” என்றாள் பவானி. “அதெல்லாம் நான் வாங்கித் தந்தது. ஹோப்பிப் பொம்பிளை மனுசன்ரை சாமானைத்தான் வெளியிலை வைப்பாளாம். வீடு முழுக்கத் தேடினன். உங்கடை எண்டு இருந்தது உதுதான்.”

நான் முத்திரையைத் திரும்பப் பைக்குள் போட்டேன். சிவநேசன் வயரைச் சுருட்டிச் சூட்கேஸை மூடினான். துளசி எங்கள் இரண்டு பேருக்கும் சோறு போட்டாள்.

திங்கட்கிழமை கார்ட்டை அச்சுக்குக் கொடுத்தேன், ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் பிரெஞ்சு. தாய்மாமன் வரி நிரம்பிவிட்டது. பைகள் இரண்டும் இன்னும் வாசலுக்கு வெளியேதான் கிடக்கின்றன. படிக்கட்டில் சாமான் வைக்கக் கூடாது என்று கட்டடக் காவலாளி இரண்டு முறை துண்டு ஒட்டிவிட்டார். உள்ளே எடுத்து வைக்கலாமா என்று நானும் மச்சானும் கேட்டிருக்கிறோம். பவானியும் இந்திராவும் யோசித்துச் சொல்கிறார்களாம்.